இருமுறை வழங்கப்பட்ட பொதுமன்னிப்பு: பிரேசில் மாலுமி ஜொவாவ் காண்டிடோவின் பணியும் வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

1910 நவம்பரில் ரியோ டி ஜெனீரோவில் சாட்டையடித் தண்டனைக்கு எதிராகக் கடற்படை மாலுமிகள் நடத்திய கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றவர் ஜொவாவ் காண்டிடோ பெலிஸ்பெர்ட்டோ (1880–1969). அவருக்குப் பிரேசில் அரசு 1910இலும் 2008இலும் பொதுமன்னிப்பு வழங்கியது. அதே கடற்படையில் 1893இல் கலகம் செய்த அதிகாரிகளுக்குக் கிடைத்த மன்னிப்போடு இவற்றை ஒப்பிட்டு, மன்னிப்பு யாருடைய பதவியை மீட்டுத் தந்தது, யாருடைய பதவியை மீட்டுத் தரவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பிரேசில் கடற்படை, சாட்டையடி, மாலுமிகள் கிளர்ச்சி, பொதுமன்னிப்பு, அடிமை முறை ஒழிப்பு

முன்னுரை

கடற்படை வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சுக்கான் பிடித்தவர்களும் கரி அள்ளிப் போட்டவர்களும் பீரங்கிக்குக் குண்டு ஏற்றியவர்களும் பதிவேடுகளில் எண்களாகவும், குற்றம் செய்தபோது பெயர்களாகவும் இடம்பெறுகின்றனர். ஜொவாவ் காண்டிடோவும் இதற்கு விலக்கல்லர். அவரைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி பிறர் கையால் ஆனது. கடற்படையின் பணிப்பதிவேடு, 1910ஆம் ஆண்டுச் செய்தித்தாள்கள், மனநல மருத்துவமனைக் குறிப்புகள், படைநீதிமன்ற ஆவணங்கள் ஆகியவற்றின் வழியாகவே அவர் நமக்குக் கிடைக்கிறார். 'கறுப்பு அட்மிரல்' என்ற பட்டமும் அவர் தமக்குச் சூட்டிக்கொண்டதன்று. பத்திரிகைகளின் வழியே நிலைத்தது. அவருடைய கைப்பட எஞ்சியவற்றுள் குறிப்பிடத்தக்கவை இரண்டு பூத்தையல் துணிகள். அவை பின்னர்க் கருதப்படும்.

இவ்வாய்வில் எழும் வினா எளிமையானது. கிளர்ச்சி செய்தோரை அரசு மன்னிக்கும்போது எதை மன்னிக்கிறது? தண்டனையை மட்டுமா, அல்லது இழந்த பணியையும் சேர்த்தா?

சட்டத்தில் ஒழிந்து கப்பலில் எஞ்சிய சாட்டை

ஜொவாவ் காண்டிடோ 1880 ஜூன் 24 அன்று பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டி டோ சுலில் பிறந்தார். பெற்றோர் அடிமைத்தளையை அறிந்தவர்கள். அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தையையும் சுதந்திரமானதாக அறிவித்த 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்ததால் அவர் பிறப்பால் அடிமை அல்லர். அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்ட 1888 மே 13 அன்று அவருக்கு எட்டு வயதும் நிறையவில்லை.

மறு ஆண்டு நவம்பரில் முடியாட்சி வீழ்ந்து குடியரசு மலர்ந்தது. புதிய அரசின் முதல் ஆணைகளுள் ஒன்று கடற்படையில் உடல்தண்டனையை ஒழித்தது. ஆனால் 1890 ஏப்ரலில் வேறோர் ஆணை, 'திருத்தப் பிரிவு' என்னும் பெயரில், கடுங்குற்றத்திற்கு 25 அடிகள்வரை கொடுக்கலாம் என்று சாட்டையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஐந்தே மாதங்களில் நிகழ்ந்த இந்தப் பின்வாங்கலைப் புரிந்துகொள்ளப் படையின் ஆள்சேர்ப்பு முறையை நோக்க வேண்டும். தெருக்களில் காவல்துறை பிடித்து அனுப்பியவர்களும், பயிற்சி மாலுமிப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட ஏழைச் சிறுவர்களுமே கீழ்த்தளத்தை நிரப்பினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் ஆவர். அதிகாரிகளோ வெள்ளை இனத்து உயர்குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அடிக்காமல் இவர்களைக் கட்டுப்படுத்த இயலாது என்பது பண்ணை முதலாளிகளின் பழைய வாதம். அது தோட்டத்திலிருந்து கப்பலுக்கு இடம்பெயர்ந்தது என்றே கொள்ளலாம்.

பயிற்சிப் பள்ளி வழியாக வந்த ஜொவாவ் காண்டிடோ 1895 டிசம்பரில் ரியோவில் கடற்படையில் சேர்ந்தார். அப்போது வயது பதினைந்து. 1903இல் ஒரு படி பதவி உயர்வு கிடைத்தது. கப்பலுக்குள் சீட்டுக்கட்டு கொண்டுவந்தார் என்ற குற்றத்திற்காக அது பறிக்கப்பட்டு மீண்டும் முதல்வகுப்பு மாலுமியானார். சுக்கானியாகத் தேர்ந்த அவரைத் திறமையாளர் என்று அதிகாரிகளும் அறிந்திருந்தனர். அலெக்ஸாண்ட்ரினோ டி அலென்கார் என்னும் உயரதிகாரியின் ஆதரவு அவருக்கு இருந்ததாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இப்பெயர் இக்கட்டுரையின் வாதத்திற்கு இன்றியமையாதது.

1893: மன்னிக்கப்பட்ட அதிகாரிகள்

1893 செப்டம்பரில் பிரேசில் கடற்படையின் ஒரு பகுதி குடியரசுத் தலைவர் புளோரியானோ பெய்ஷோட்டோவுக்கு எதிராகக் கலகம் செய்தது. அதை நடத்தியவர்கள் கீழ்த்தள மாலுமிகள் அல்லர், அட்மிரல்களும் உயரதிகாரிகளுமே. தலைநகரை நோக்கிப் பீரங்கிகள் சுட்டன. மாதக்கணக்கில் நீண்ட அக்கலகம் தெற்கே நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரோடும் இணைந்தது. 1895இல் நிபந்தனைகளோடும் பின்னர் அவையின்றியும் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. அதிகாரிகள் பணிக்குத் திரும்பினர். அக்கலகத்தில் 'அக்கிடபான்' என்னும் போர்க்கப்பலை நடத்திய அலெக்ஸாண்ட்ரினோ டி அலென்கார் 1906இல் கடற்படை அமைச்சரானார். இங்கிலாந்தில் புதிய போர்க்கப்பல்களைக் கட்டுவித்த பெருந்திட்டத்தை நிறைவேற்றியவரும் அவரே.

அவ்வாறு வந்தவற்றுள் முதன்மையானது நியூகாசிலில் ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் கட்டிய 'மினாஸ் ஜெராயிஸ்'. 12 அங்குல விட்டமுள்ள 12 பீரங்கிகளைத் தாங்கிய அது, 1910இல் உலகின் மிக வலிய போர்க்கப்பல்களுள் ஒன்று. அதன் இணைக்கப்பலான 'சாவோ பாவ்லோ' பாரோ நகரில் விக்கர்ஸ் நிறுவனத்தில் உருவானது. இவற்றை இயக்கக் கற்பதற்காக மாலுமிகள் பலர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். 1909இல் சென்றவர்களுள் ஜொவாவ் காண்டிடோவும் ஒருவர். பிரித்தானியக் கடற்படையில் மாலுமிகளின் ஊதியமும் உணவும் எவ்வாறு இருந்தன என்பதை அவர்கள் நேரில் கண்டனர். 1905இல் ரஷ்யப் போர்க்கப்பல் 'பொட்டெம்கின்' மாலுமிகள் செய்த கிளர்ச்சியைப் பற்றியும் அங்கே கேட்டறிந்தனர். டிரெட்நாட் வகைக் கப்பலுக்குக் கல்வியும் பயிற்சியும் பெற்ற மாலுமி தேவை. அந்த மாலுமியை ஆள அதிகாரிகள் வைத்திருந்ததோ தோட்டத்துச் சாட்டை. இம்முரணே கிளர்ச்சிக்கு அடித்தளம்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடலாம். அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெருந்தலைவரும் வாஷிங்டனில் தூதராகப் பணியாற்றி 1910 ஜனவரியில் மறைந்தவருமான ஜோவாகிம் நபுக்கோவின் உடல் அமெரிக்கக் கப்பலொன்றில் தாயகம் வந்தபோது, அதற்குத் துணையாக வந்தது மினாஸ் ஜெராயிஸ். அடிமை ஒழிப்பின் தலைமகனுக்கு மரியாதை செலுத்திய அக்கப்பலின் தளத்திலேயே அவ்வாண்டு முடிவதற்குள் சாட்டை ஓங்கப்பட்டது.

நான்கு நாட்கள்

1910 நவம்பர் 15 அன்று மார்ஷல் ஹெர்மெஸ் ட பொன்சேகா குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். ஒரு வாரத்திற்குள் மினாஸ் ஜெராயிஸில் மார்செலினோ ரோட்ரிக்ஸ் மெனெசெஸ் என்னும் மாலுமிக்கு, கூடியிருந்த மாலுமிகளின் முன்னிலையில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. சட்டம் இட்ட வரம்பு 25. விழுந்த அடிகள் 250 என்று பதிவாகியுள்ளது. நவம்பர் 22 இரவு, பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றில் விருந்துண்டு திரும்பிய கப்பல் தலைவர் பாட்டிஸ்டா தாஸ் நெவெஸ் மாலுமிகளோடு நிகழ்ந்த மோதலில் கொல்லப்பட்டார். அதிகாரிகளிலும் மாலுமிகளிலும் வேறு சிலரும் உயிரிழந்தனர். சாவோ பாவ்லோ, பாஹியா, டியோடோரோ ஆகிய கப்பல்களும் கிளர்ச்சியாளர் கைக்கு வந்தன. ஏறத்தாழ 2,000 மாலுமிகள் இதில் பங்கேற்றனர்.

குவானபாரா விரிகுடாவில் கப்பல்கள் அதிகாரிகள் இன்றியே இயங்கின. இரவில் வாயிலைக் கடந்து வெளிக்கடலுக்குச் செல்வதும் பகலில் அணிவகுத்துத் திரும்புவதும் கரையில் நின்ற மக்களுக்கு வியப்பூட்டின. மதுவைக் கடலில் கொட்டியதும், பணப்பெட்டிக்குக் காவல் நிறுத்தியதும் அவர்களே. எனினும் கிளர்ச்சியைக் குருதி படியாததாகக் காட்டுவது தவறு. நகரை நோக்கிச் சென்ற குண்டுகளில் ஒன்று காஸ்டெலோ குன்றில் இரு குழந்தைகளைப் பலிகொண்டது. மாலுமிகளைப் போற்றும் எழுத்துகள் இதை விரைந்து கடந்துவிடுகின்றன.

அவர்களுடைய கோரிக்கைக் கடிதம் சாட்டையடியை ஒழித்தல், ஊதிய உயர்வு, தகுதியற்ற அதிகாரிகளை நீக்குதல், மாலுமிகளுக்குக் கல்வி ஆகியவற்றை முன்வைத்தது. அக்கடிதத்தை எழுதியவர் யார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. பாஹியா கப்பலின் பிரான்சிஸ்கோ டியாஸ் மார்ட்டின்ஸ் என்பாரைச் சிலர் சுட்டுவர். ஜொவாவ் காண்டிடோவை ஒற்றைத் தலைவராகக் கருதும் போக்கைச் சற்றே தளர்த்திக்கொள்ள இது உதவும். கடலில் கப்பல்களை நடத்திய தலைமை அவருடையது. திட்டமிட்டவர்களும் எழுதியவர்களும் பலர்.

கடற்படையின் முன்னாள் அதிகாரியும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜோசே கார்லோஸ் டி கார்வாலோ கப்பலுக்குச் சென்று பேசினார். சாட்டையால் கிழிந்த முதுகைத் தாம் கண்டதை அவையில் எடுத்துரைத்தார். பெருஞ்செலவில் வாங்கிய கப்பல்களை அழிக்க அரசுக்கு மனமில்லை. அழிக்கும் வலிமையும் ஐயத்திற்குரியது. மேலவையில் ரூய் பார்போசா மன்னிப்புக்கு ஆதரவாக வாதாடினார். நவம்பர் 25 அன்று பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேறியது. மறுநாள் மாலுமிகள் கப்பல்களை ஒப்படைத்தனர்.

முதல் மன்னிப்பின் ஆயுள்

சட்டம் வந்த மூன்றாம் நாள், நவம்பர் 28 அன்று, ஒழுங்கிற்குக் கேடு எனக் கருதப்படும் மாலுமியை விசாரணையின்றி நீக்க வழிசெய்யும் ஆணை பிறந்தது. மன்னிப்பை நாடாளுமன்றம் வழங்க, பணியை நிர்வாகம் பறித்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் காலப்போக்கில் வெளியேற்றப்பட்டனர்.

டிசம்பர் 9 இரவு பாம்புத் தீவிலிருந்த கடற்படைக் காலாட்படையினர் கிளர்ந்தெழுந்தனர், மறுநாளே அடக்கப்பட்டனர். ஜொவாவ் காண்டிடோவும் மினாஸ் ஜெராயிஸும் இதில் சேரவில்லை. ஆயினும் அவர் கைது செய்யப்பட்டார். டிசம்பர் 24 அன்று பாம்புத் தீவின் பாறையைக் குடைந்த நிலவறையொன்றில் 18 கைதிகள் அடைக்கப்பட்டனர். தூய்மைக்கெனத் தெளித்திருந்த சுண்ணாம்பின் நெடியும் காற்றின்மையும் சேர, கதவு திறக்கப்பட்டபோது 16 பேர் மாண்டு கிடந்தனர். உயிரோடு இருந்த இருவருள் ஒருவர் ஜொவாவ் காண்டிடோ. அச்சிறைக்குப் பொறுப்பான அதிகாரி பின்னர் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். அதே நாட்களில் 'சாட்டெலிட்டெ' என்னும் கப்பல் முன்னாள் மாலுமிகள் 105 பேரையும் தெருவில் பிடிக்கப்பட்ட பிறரையும் ஏற்றிக்கொண்டு அமேசான் பகுதிக்குப் புறப்பட்டது. வழியில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இறந்தோரின் ஓலம் காதில் கேட்பதாகக் கூறிய ஜொவாவ் காண்டிடோ 1911 ஏப்ரலில் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். பின்னர் மீண்டும் சிறைக்கே கொண்டுவரப்பட்டார். வழக்கறிஞர் எவரிஸ்டோ டி மொராயிஸ் அவருக்காக வாதாடினார். 1912 டிசம்பர் 1 அன்று படைநீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. குற்றமற்றவரான அவர் கடற்படையிலிருந்து நீக்கப்பட்டார்.

துணியில் எஞ்சியவை

சிறையில் இருந்த காலத்தில் அவர் செய்த பூத்தையல்கள் இரண்டு சாவோ ஜொவாவ் டெல் ரெய் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர் வரலாற்றறிஞர் ஜோசே முரிலோ டி கார்வாலோ. 'மாலுமியின் விடைபெறல்' என்னும் துணியில் நங்கூரமும் பற்றிக்கொண்ட கைகளும், 'ஒழுங்கு', 'விடுதலை' என்னும் சொற்களும், 1910 நவம்பர் 22 என்னும் நாளும் தைக்கப்பட்டுள்ளன. மற்றொன்றின் பெயர் 'அன்பு'. அதில் வாள் துளைத்த இதயமும் பறவைகளும் பூக்களும் இடம்பெறுகின்றன. ஊசியும் நூலும் பழைய பாய்க்கப்பல் மாலுமியின் கைத்தொழில். ஆகவே இதைச் சிறைப் பொழுதுபோக்காக மட்டும் காண்பது பொருந்தாது. 'விடுதலை'க்கு அருகே 'ஒழுங்கு' என்று தைத்தவர் தம்மைக் கலகக்காரராகக் கருதினாரா, நல்ல மாலுமியாகக் கருதினாரா என்ற வினாவுக்கு இத்துணி தரும் விடை, நீதிமன்ற ஆவணங்கள் தருவதினும் தெளிவானது.

கரையில் ஐம்பத்தேழு ஆண்டுகள்

நீக்கத்திற்குப் பின் வணிகக் கப்பல்களில் வேலை தேடினார். அவர் யாரென அறிந்ததும் வேலை போயிற்று. முடிவில் ரியோவின் பதினைந்தாம் நவம்பர் சதுக்கத்தில் இருந்த மீன் சந்தையில் மீன் இறக்கும் தொழிலில் நிலைகொண்டார். இதற்கிடையே, 1893இன் கலகக்காரர் அலெக்ஸாண்ட்ரினோ 1913இல் மீண்டும் கடற்படை அமைச்சரானார்.

1930களில் ஜொவாவ் காண்டிடோ வலதுசாரி 'இன்டெக்ரலிஸ்ட்' இயக்கத்தில் சேர்ந்திருந்தார். இதனை அவரைப் போற்றுவோர் தவிர்க்க விரும்புவது இயல்பு. ஆனால் ஒழுங்கையும் நாட்டுப்பற்றையும் முழங்கிய ஓர் இயக்கம், படையை இழந்த மனிதரை ஈர்த்தது விளங்காத புதிரன்று.

கிளர்ச்சியைப் பற்றிப் பேசுவதே நெடுங்காலம் இடர்ப்பாடாக இருந்தது. 1934இல் அதைத் தொடராக வெளியிட்ட இதழாசிரியர் அபாரிசியோ டொரெல்லியைக் கடற்படை அதிகாரிகள் கடத்திச் சென்று தாக்கினர். 1959இல் எட்மார் மொரேலின் நூல் 'சாட்டைக் கிளர்ச்சி' என்னும் பெயரைப் பரவலாக்கியது. 1968இல் ரியோவின் ஒலி-ஒளி அருங்காட்சியகம் ஜொவாவ் காண்டிடோவின் நேர்காணலைப் பதிவு செய்தது. 1969 டிசம்பர் 6 அன்று, 89ஆம் வயதில், அவர் காலமானார். 1970களில் ஜொவாவ் போஸ்கோவும் ஆல்டிர் பிளாங்கும் அவரைப் பற்றி இயற்றிய பாடலில் 'அட்மிரல்' என்ற சொல்லைத் தணிக்கையாளர் ஏற்கவில்லை. அது 'கடலோடி' என மாற்றப்பட்டது. இறந்த பின்னும் பதவிப் பெயரே சிக்கலாக நீடித்தது.

இரண்டாம் மன்னிப்பு

2008 ஜூலையில் 11.756ஆம் எண் சட்டம் ஜொவாவ் காண்டிடோவுக்கும் பிற கிளர்ச்சியாளர்களுக்கும் இறப்பிற்குப் பிந்திய பொதுமன்னிப்பு அளித்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய வடிவில், உரிய பதவி உயர்வும் குடும்பத்தினர்க்கு ஓய்வூதியமும் தருவதற்கு ஒரு பிரிவு இருந்தது. குடியரசுத் தலைவர் அப்பிரிவை மட்டும் தடுத்துவிட்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1910இல் மன்னிப்பு உயிரை மட்டும் காத்துப் பணியை விட்டுவிட்டது. 2008இல் பெயரை மட்டும் காத்துப் பணியை மீண்டும் விட்டுவிட்டது. 1895க்குப் பின் அதிகாரிகள் பெற்றதோ பணியே. மூன்று சட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, செய்த குற்றத்தின் அளவைவிடச் செய்தவரின் படிநிலையே மன்னிப்பின் அளவைத் தீர்மானித்தது எனலாம். 1893ஆம் ஆண்டுக் கலகம் மாதக்கணக்கில் நீடித்தது. 1910ஆம் ஆண்டுக் கிளர்ச்சி நான்கு நாட்களில் முடிந்தது.

2008 நவம்பர் 20 அன்று, அவர் மீன் இறக்கிய அதே சதுக்கத்தில், கடலை நோக்கி அவருடைய சிலை நிறுத்தப்பட்டது. அவர் பெயரை நாட்டு வீரர் ஏட்டில் சேர்க்கும் முன்மொழிவைக் கடற்படைத் தலைமை 2024இல் எழுத்து மூலம் எதிர்த்தது. 2010இல் பெர்னாம்புக்கோ மாநிலக் கப்பல் தளத்தில் ஜொவாவ் காண்டிடோ என்னும் பெயரோடு ஒரு பெருங்கப்பல் வெள்ளோட்டம் விடப்பட்டது. அது போர்க்கப்பலன்று, கச்சா எண்ணெய் ஏற்றும் வணிகக் கப்பல்.