நடை பழக்கும் கைகள்

இக்கட்டுரை எழுந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுகிறேன். நம் காலனியில் வாழும் என் தமையனார் பக்கவாதத்தால் வலக்கை வழங்காமல் இருந்தபோது, நாள்தோறும் மாலையில் ஓர் இளம்பெண் வந்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தும் மடக்கியும் பயிற்றுவாள். பிசியோதெரபி என நாம் வழங்கும் இயன்முறை மருத்துவம் கற்றவள். கை சற்றே எழத் தொடங்கிய வேளையில் அவளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. வணங்கி விடைபெற்றுச் சென்றாள். அவளைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நம் இல்லங்களிலிருந்தும் பிள்ளைகள் அவ்வாறே சென்றிருக்கிறார்கள். பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்தவர்கள்தாமே நாமும்! ஆயினும், செல்வம் கொழிக்கும் நாட்டில் நடை பழக்குவதற்கு ஆள் போதாமற் போனது எவ்வாறு என்னும் வினா என்னை விட்டு அகலவில்லை. தேடிப் படித்ததை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

இங்கிலாந்தில் இத்தொழில் ஓர் அவப்பெயரைத் துடைக்கவே சங்கம் கண்டது என்றால் வியப்பாக இருக்கும். இலண்டனில் ‘மசாஜ்’ நிலையங்கள் சில, உண்மையில் விபசார விடுதிகளே என்று 1894-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதியது. நோயாளிகளுக்கு உடம்பு பிடித்துவிடும் பணியை நேர்மையாகச் செய்துவந்த செவிலியருக்கு அது பெரும் இழுக்காயிற்று. ரோசலிண்ட் பாஜெட் முதலிய நான்கு பெண்மணிகள் அதே ஆண்டில் கூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்டிருக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். தேர்வு வைத்தனர், மருத்துவர் பணித்தாலன்றிச் சிகிச்சை செய்வதில்லை எனத் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். மானம் காக்கப் பிறந்த அச்சங்கம் 1920-இல் அரச பட்டயம் பெற்றது. பின்னர் 1944-இல் பிசியோதெரபி என்னும் பெயரைத் தாங்கியது.

இடையே 1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. அல்மெரிக் பாஜெட் என்னும் செல்வர் 50 மசாஜ் பெண்டிரைப் போர்த்துறைக்கு அளித்தார். கையிழந்தும் காலிழந்தும் வந்த வீரருக்கு ஐம்பது பேர் எம்மூலைக்கு? படை பெருகப் பெருக இப்பெண்டிர் படையும் பெருகிற்று. போரிற் கண்ணிழந்த வீரர் சிலரும் செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தில் இத்தொழிலைக் கற்றுப் பிறர் உடலைத் தேற்றினர். கண்ணில்லாவிடினும் விரல்நுனி அறியும் அன்றோ!

1917-இல் போரில் இறங்கிய அமெரிக்காவிடம் இதற்கென ஒரு தொழில்வகுப்பே இல்லை. மேரி மக்மிலன் என்னும் அம்மையார் மாசச்சூசெட்சில் பிறந்தவர். எனினும் வளர்ந்ததும் தொழில் கற்றதும் இங்கிலாந்தில். அவரையே படை அழைத்துக்கொண்டது. ஓரிகன் மாநிலத்து ரீட் கல்லூரியிலும் பிற இடங்களிலும் இளம்பெண்கள் சில மாதங்களில் பயிற்சி பெற்று மருத்துவமனைகளுக்குச் சென்றனர். ஆக, அமெரிக்கப் பிசியோதெரபியின் தாய் எனப்படுபவரே வெளிநாட்டில் உருவான கைகளை உடையவர். 1921-இல் நியூயார்க் உணவு விடுதி ஒன்றில் கூடி அவர்கள் தொடங்கிய சங்கத்தில் 274 பேர் சேர்ந்தனர். அவ்வம்மையார் அதன் முதல் தலைவரானார். இரண்டாம் உலகப்போரில் மணிலாவில் ஜப்பானியரின் சிறைமுகாமில் அடைபட்டபோதும், அங்கிருந்தோருக்கு இச்சிகிச்சையே செய்துவந்தார். அந்தப் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பட்டதாரிகளைப் பின்னாளில் அமெரிக்க மருத்துவமனைகள் விரும்பி அழைத்துச்சென்றன என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளலாம்.

போர் ஓய்ந்தாலும் இளம்பிள்ளை வாதம் ஓயவில்லை. 1916-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 27,000 பேரைப் பற்றிய அந்நோய், 1952-இல் 57,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றியது. 1955-இல் தடுப்பூசி வந்தது. குழந்தைகளின் கால்கள் தப்பின. இனி இத்தொழிலாளருக்கு வேலை குறையும் என எவரேனும் எண்ணியிருந்தால் அவர் முதுமையை மறந்தவராவார். 1965-இல் முதியோரின் மருத்துவச் செலவை ஏற்கும் மெடிகேர் சட்டம் இயற்றப்பட்டது. தேவை ஏறிக்கொண்டே போயிற்று.

இவ்விடத்தில்தான் என்னைச் சிந்திக்கச் செய்த செய்தி வருகிறது. 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மருத்துவமனைக்கு வெளியே பெறும் சிகிச்சைக்கு மெடிகேர் தரும் பணத்தை ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 1,500 டாலர் என வரையறுத்து, 1999-இல் நடைமுறைக்கு வந்தது. ஆள் பஞ்சம் என்ற நாட்டில் உடனே வேலைப் பஞ்சம் தோன்றியது. அவ்வாண்டில் முதியோரின் முடங்கிய கைகள் திடீரென நிமிர்ந்துவிட்டனவா? இல்லை. பணம் கொடுப்பவர் கையைச் சுருக்கினார், அவ்வளவே. அவ்வரம்பு பலமுறை நிறுத்திவைக்கப்பட்டு, 2018-இல் முற்றும் நீங்கியது. பஞ்சம், மிகுதி என்னும் சொற்களை நோயாளி எழுதுவதில்லை, கணக்கரே எழுதுகிறார்.

படிப்பும் உயர்ந்தது. சில மாதப் பயிற்சி பட்டமாயிற்று. 2015-இன் முடிவிற்குப் பின் அமெரிக்காவில் இத்துறையின் நுழைவுப் படிப்பு முனைவர் நிலையினது. அறிவு வளர்வது நன்றே. ஆயினும், கடன்பட்டு ஆண்டுக்கணக்கிற் கற்றுவருவோர் தொகை எளிதில் பெருகுமா? ஜப்பான் வேறு வழி கண்டது. 1963-இல் டோக்கியோவை அடுத்த கியோசேயில் முதற் பள்ளியைத் தொடங்கி, 1965-இல் தனிச் சட்டம் இயற்றி, பின்னர் பள்ளிகளைப் பெருக்கித் தன் முதியோருக்கு வேண்டியவரைத் தானே உண்டாக்கிக்கொண்டது. அமெரிக்காவோ, உள்நாட்டில் ஆள் இல்லை என்று வழக்குக்கு வழக்கு மெய்ப்பிக்க வேண்டாத தொழில்களுக்கென ‘ஷெட்யூல் ஏ’ என ஒரு பட்டியல் வைத்துளது. அதன் முதற்பிரிவில் உள்ளவை இரண்டே: செவிலியர், பிசியோதெரபிஸ்ட். நம் பெண்கள் நுழையும் வாயில் அது.

அந்நாட்டிலிருந்து நமக்கு வந்ததும் உண்டு. அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டவராகவே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அம்மையார், அன்றாடச் செயல்களின் வழியே உடலைத் தேற்றும் ஆக்குபேஷனல் தெரபியை அங்குக் கற்றுவந்து, 1950-இல் நம் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் அதற்கெனப் பள்ளி தொடங்கினார். விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் நியூயார்க்கில் இத்துறை பயின்று திரும்பி, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வேலூர் மறுவாழ்வு நிலையத்தை 1966-இல் உருவாக்கினார். அக்காலத்தில் கற்றவர் வந்தனர். இக்காலத்தில் கற்றவர் செல்கின்றனர்.

தமையனாருக்கு இப்போது வேறொருவர் வாரம் இருமுறை வருகிறார். மற்ற நாள்களில், அப்பெண் தாளில் எழுதி வைத்துச் சென்ற பயிற்சிகளை அண்ணியார் செய்விக்கிறார். கை மார்பளவு எழுகிறது; விரல்கள் இன்னும் முழுதும் விரியவில்லை.