காந்தி சேவா சங்கத்தின் மறுசீரமைப்பும் (1940) காந்திகிராமத்தின் அமைப்புமுறையும்

முன்னுரை

திண்டுக்கல் அருகே சின்னாளபட்டியை ஒட்டி, 1947 அக்டோபர் 7 அன்று டாக்டர் டி. எஸ். சௌந்தரம், ஜி. ராமச்சந்திரன் ஆகிய இருவராலும் காந்திகிராமம் தொடங்கப்பெற்றது. நிர்மாணப் பணிக்கென எழுந்த இந்நிறுவனம், பெருந்திரளான உறுப்பினர்களைக் கொண்ட சங்கமாக அன்றி, அறக்கட்டளையின் பொறுப்பில் வளர்ந்தது. காந்திய நிறுவனங்களின் ஆட்சிக்குழு எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினா அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே காந்தி சேவா சங்கத்தில் கூர்மையாக எழுந்திருந்தது. அச்சங்கத்தின் மறுசீரமைப்பையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சங்கத்தின் தோற்றம்

1922 டிசம்பரில் நடைபெற்ற கயா காங்கிரசுக்குப் பின், சட்டமன்றப் புறக்கணிப்பைத் தொடர்வதா கைவிடுவதா என்பதில் காங்கிரசார் இரு அணிகளாகப் பிரிந்தனர். இச்சூழலில், கதர், தீண்டாமை ஒழிப்பு முதலிய பணிகளில் முழுநேரமாக ஈடுபட்ட ஊழியர்களைத் தாங்கும் பொருட்டு, 1923இல் ஜம்னாலால் பஜாஜின் முயற்சியால் காந்தி சேவா சங்கம் உருவாயிற்று. வல்லபாய் படேல், ராஜேந்திர பிரசாத், ராஜாஜி போன்ற அரசியல் தலைவர்களும் இதில் இணைந்திருந்தனர். பிற்காலச் சிக்கலின் வித்து இங்கேயே இருந்தது. ஊழியரும் அதிகாரத்திற்கு அருகில் நின்றோரும் ஒரே உறுப்பினர் பட்டியலில் இடம்பெற்றனர்.

முரண் முற்றுதல்

கிஷோரிலால் மஷ்ருவாலா தலைமையேற்றிருந்த காலத்தில் சங்கத்தின் ஆண்டு மாநாடுகள் கவனம் பெற்றன. 1937இல் ஹுத்லியில் கூடிய மாநாட்டில், உறுப்பினர் சட்டமன்றங்களில் பங்குகொள்வது பற்றிய விவாதம் எழுந்தது. அவ்வாண்டே பல மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவியேற்றன. 1939இல் திரிபுரி காங்கிரசை ஒட்டி சுபாஷ் சந்திர போஸுக்கும் காந்தியின் ஆதரவாளர்களுக்கும் இடையே மூண்ட பிணக்கில், சேவைக்கென அமைந்த இச்சங்கம் ஓர் அணியின் கட்சியமைப்பாகவே எதிர்த்தரப்பினரால் நோக்கப்பட்டது.

மாலிகாந்தா முடிவு

1940 பிப்ரவரியில் பிரபுல்ல சந்திர கோஷின் சொந்த ஊரான வங்காளத்து மாலிகாந்தாவில் மாநாடு கூடியது. அதிகார அரசியல் சங்கத்திற்குள் போட்டியையும் பொய்மையையும் கொணரும் என்பது காந்தியின் கருத்து. அரசியலில் ஈடுபடுவோர் தனிமனிதராகக் காங்கிரசில் பணியாற்றலாம். சங்கத்தின் பெயரில் அன்று என அவர் வழிகாட்டினார். அதன்படி சங்கம் அரசியலிலிருந்து விலகியது. பெரும்பாலான உறுப்பினர் விடுவிக்கப்பட்டனர். சிறிய குழுவொன்றே எஞ்சியது. ஸ்ரீகிருஷ்ணதாஸ் ஜாஜூ தலைவரானார். நிர்மாணப் பணி குறித்த உயர்நிலை ஆய்வு சங்கத்தின் புதிய நோக்கமாக வகுக்கப்பட்டது.

மதிப்பீடு

ஆட்சிக்குழுவைத் திருத்துவதென்றால் பதவிகளைப் பங்கிட்டுக்கொள்வது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. மாலிகாந்தாவிலோ உறுப்பினர் யார் என்னும் வரையறையே திருத்தப்பட்டது. பதவிப் போட்டிக்கான காரணம் அகற்றப்பட்டதால் சங்கம் தன் நோக்கத்தை மீட்டுக்கொண்டது. எனினும் இதற்கு ஒரு விலையும் உண்டு. பரந்த உறுப்பினர் தொகுதி கலைந்தபோது, சங்கத்தின் செல்வாக்கும், குழுவைக் கேள்வி கேட்கவல்ல பொது அவையும் உடன் மறைந்தன. தூய்மைக்காகக் குழுவைச் சுருக்குவோர், பொறுப்புக்கூறலை எவ்வாறு காப்பது என்னும் வினாவிற்கும் விடை காணவேண்டியவராகின்றனர்.

1948இல் சேவாகிராமத்தில் கூடிய நிர்மாண ஊழியர்கள், நெகிழ்வான தோழமையாகச் சர்வோதய சமாஜத்தை அமைத்தமை இவ்வினாவிற்கான ஒரு விடை எனலாம். காந்திகிராமம் வேறொரு வழியில் சென்றது. அறக்கட்டளையின் பொறுப்பிலிருந்த அதன் கல்விப்பணி 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனமாக விரிந்து, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இதனால் தன்னார்வப் பணியாக இருந்தது, அரசு விதிகளுக்கும் நிதிக்கும் கணக்குக் காட்டவேண்டிய நிறுவனமாயிற்று.

முடிவுரை

மாலிகாந்தாவில் ஆய்வு சங்கத்தின் நோக்கமாக்கப்பட்டதற்கும் காந்திகிராமத்தில் கிராமியக் கல்வி நிறுவனம் உருவானதற்கும் நேரடித் தொடர்ச்சி கற்பிக்கத் தேவையில்லை. ஆயினும் இரண்டையும் ஒருங்கு நோக்கின், சேவை நிறுவனத்தின் அமைப்புவிதி வெறும் நிர்வாகச் செய்தி அன்று என்பது புலனாகும். எவர் உள்ளே இருக்கலாம், அவர் எவருக்குப் பதில் கூறவேண்டும் என்னும் இரண்டையும் சேர்த்தே ஒரு சங்கம் தீர்மானிக்க வேண்டும். முன்னதை மட்டும் தீர்த்தது 1940இன் மறுசீரமைப்பு. அதன் பெருமையும் குறையும் அதுவே.