32 வீடுகளுக்கு ஒரு வசனம்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தின் கிழக்குக் கோடியில், பொஹீமிய எல்லைக்குச் சமீபமாக, ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூர் இருக்கிறது. விசுவாசத்தின் நிமித்தம் மொராவியாவில் வீடு, நிலம், சுற்றம் யாவற்றையும் துறந்து, இரவோடிரவாக எல்லை கடந்து வந்த எளிய குடிகளுக்குச் சின்சென்டார்ஃப் பிரபுவின் பண்ணையிலே புகலிடம் கிடைக்க, 1722-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிறிஸ்டியன் டேவிட் என்னும் தச்சர் அங்கே முதல் மரத்தை வெட்டிச் சாய்த்தார். அதுவே அவ்வூரின் ஆரம்பம். கர்த்தருடைய காவல் என்பது அப்பெயரின் பொருள்.

உயிர் தப்பி வந்தவர்கள் ஓயாமல் ஸ்தோத்திரம் செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையோ வேறு. ஐந்து ஆண்டுகளுக்குள் உபதேசத்தைப் பற்றிய வாக்குவாதங்களால் அவர்கள் பிளவுண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வாழ்ந்தார்கள். 1727 ஆகஸ்டு 13-ஆம் நாள், பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் நடந்த திருவிருந்திலேதான் அவர்கள் மனங்கள் ஒன்றுபட்டன. ஆயினும், ஒரு நாளில் பொங்கியெழுந்த நன்றியுணர்ச்சி மறுநாள் உழவிலும் தறியிலும் மங்கிப்போகும் என்பதை அறிந்திருந்தமையே அந்தப் பிரபுவின் பெருமை என்று நான் கருதுகிறேன்.

1728 மே 3-ஆம் நாள் மாலை, பாட்டு ஆராதனையின் முடிவில், மறுநாளைக்கென்று சிறு வாசகம் ஒன்றை அவர் சபைக்கு அளித்தார். அன்றுமுதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேத வசனமோ ஞானப்பாட்டின் அடியோ குறிக்கப்பட்டது. காவலர் இரவிலே ஒருவரையொருவர் அடையாளங் காணச் சொல்லிக்கொள்ளும் குறிச்சொல்லின் பெயராகிய லோஸுங் என்பதையே அதற்கும் இட்டார்கள். விடிந்ததும் சகோதரர் ஒருவர் அவ்வசனத்தைச் சுமந்துகொண்டு ஊரிலிருந்த 32 வீடுகளுக்கும் செல்வார், கதவைத் தட்டுவார், வசனத்தைச் சொல்வார், நோயாளி எப்படியிருக்கிறார், மனத்தாங்கல் ஏதேனும் உண்டா என்று விசாரிப்பார், கேட்டறிந்தவற்றைச் சபைக்கு வந்து தெரிவிப்பார். துதி அங்கே வாசற்படியில் மனித முகத்தோடு வந்து நின்றது. அடுப்படியில் இருந்தவளும் தறியில் இருந்தவனும் நாள் முழுவதும் ஒரே வாக்கியத்தை வாயில் வைத்திருந்தார்கள். இதனினும் அழகான ஏற்பாட்டைத் திருச்சபைச் சரித்திரத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

1731-இல் ஓராண்டுக்கான வசனங்கள் முதன்முதலாக அச்சேறின. நல்ல மனமே சபையின் அன்றாட நல்வாழ்வு என்னும் கருத்தமைந்த அந்நூலின் தலைப்பு, நீதிமொழிகளின் 15-ஆம் அதிகாரத்தை நினைவூட்டுகிறது. 1732-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும், மறு ஆண்டில் கிரீன்லாந்தின் பனிவெளிக்கும் சகோதரர்கள் கப்பலேறிய பின்னர், வீடுதோறும் நடந்து செல்ல இயலாத தூரங்களுக்கெல்லாம் அச்சுப் புத்தகமே அந்த வசனத்தைக் கொண்டுசென்றது. 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் இச்சபையார் வந்து, ஊருக்கு வெளியே ஒரு தோட்டம் அமைத்துக் குடியேறினார்கள். அவர்களுள் பலர் நோய்வாய்ப்பட்டு இம்மண்ணிலேயே அடக்கமானார்கள்.

ஹெர்ன்ஹூட்டில் நாளுக்கொரு வசனம் குறிக்கும் வழக்கம் இன்றும் நிற்கவில்லை. பழைய ஏற்பாட்டிலிருந்து தேர்ந்த ஏறத்தாழ 1,800 வசனங்களுக்குரிய எண்களைச் சீட்டுகளில் எழுதிக் கிண்ணத்தில் இட்டு, ஆண்டுதோறும் கூடி, இன்னும் மூன்றாண்டு கழித்து வரப்போகும் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு சீட்டாக எடுக்கிறார்கள்.