பதிவேட்டில் இல்லாத தாயின் குழந்தை: இந்தியக் காப்பகக் கொள்கையின் வரலாறு

இந்தியாவில் உழைக்கும் குடும்பங்களின் குழந்தைகளைப் பகல் நேரத்தில் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு அரசு இரண்டு தனித்தனி வழிகளில் விடை தேடியது. தொழிலாளர் நலத்துறை தொழிற்சாலைச் சட்டங்களின் வழியே சென்றது. சமூக நலத்துறை பால்வாடி, அங்கன்வாடித் திட்டங்களின் வழியே சென்றது. முதல் வழிக்குத் தாயின் வேலை நேரம் தெரிந்திருந்தாலும் ஆலைக்கு வெளியே உழைக்கும் தாயைத் தெரியவில்லை. இரண்டாவது வழிக்குக் குழந்தையைத் தெரிந்திருந்தாலும் தாய் வேலை முடிந்து எப்போது வீடு திரும்புவாள் என்பது தெரியவில்லை. இந்த இரு வழிகளும் எங்கே பிரிந்தன, பிரிந்ததால் யார் விடுபட்டார்கள் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆலைக்குள் ஓர் அறை

1929-இல் அமைக்கப்பட்டு 1931-இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம் என்னும் அரச தொழிலாளர் ஆணையம், பெண்கள் கணிசமாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதற்கு வலுவான காரணம் இருந்தது. தாய் ஆலையிலிருந்து திரும்பும்வரை குழந்தை அழாமல் தூங்க வேண்டும் என்பதற்காக அபின் கொடுக்கும் வழக்கம் பம்பாய்த் தொழிலாளர் குடியிருப்புகளில் பரவியிருந்ததை 1920-களின் மருத்துவ விசாரணைகள் பதிவு செய்திருந்தன.

1934 தொழிற்சாலைகள் சட்டம் இப்பரிந்துரையைத் தயக்கத்துடனேயே ஏற்றது. 50-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை ஒதுக்கும்படி மாகாண அரசுகள் விதி வகுக்கலாம் என்றது. விதி வகுத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. சுதந்திர இந்தியாவின் 1948 தொழிற்சாலைகள் சட்டம், தனது 48-ஆம் பிரிவில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 50 பெண்கள் என்ற வரம்பு 1976 திருத்தத்தில் 30 ஆகக் குறைந்தது.

இச்சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளைப் படித்தால், எழுதியவர்கள் குழந்தையை மனத்தில் வைத்தே எழுதியிருப்பது தெரியும். புகையும் தூசியும் இரைச்சலும் எட்டாத இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் படுக்கையுடன் கூடிய தொட்டில் அல்லது கட்டில் வேண்டும். அருகிலேயே குழந்தையைக் குளிப்பாட்டவும் துணி மாற்றவும் வசதி வேண்டும். அன்றாடம் சுத்தமான பால் தர வேண்டும். பாலூட்டும் தாய் உட்கார இருக்கையும், பாலூட்டுவதற்கு வேலையிடையே நேரமும் தரப்பட வேண்டும். பாதுகாப்பும் தரமும் அன்றே துல்லியமாக வரையறுக்கப்பட்டிருந்தன. குறை அந்த அறைக்குள் யார் நுழையலாம் என்ற நிபந்தனையில் இருந்தது.

1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் காப்பகக் கடமையைக் கொண்டுவந்தது. தோட்டத்தில் தாயும் தந்தையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் உழைத்து, அங்கேயே லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருப்பார்கள். ஆகவே காப்பகம் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே அமைந்தது. இலங்கை மலையகத் தமிழர்கள் ‘பிள்ளைமடுவம்’ என்று அழைக்கும் தோட்டக் காப்பகமும் இத்தகைய வாழ்க்கைச் சூழலில் உருவானதே.

எண்ணிக்கை செய்த வேலை

முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால்தான் காப்பகம் என்ற விதி, பெண்ணை வேலைக்கு எடுப்பதையே செலவாக மாற்றியது. ஆண் தொழிலாளிக்கும் குழந்தை உண்டு என்பதைச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை. முதலாளி பெண்களின் எண்ணிக்கையை வரம்புக்குள் நிறுத்திக்கொள்ளவும், வேலையை ஒப்பந்தக்காரரிடமும் வீடுகளிடமும் தள்ளிவிடவும் இது தூண்டுகோலாக அமையும் என்று தொழிற்சங்கங்களும் ஆய்வாளர்களும் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளனர்.

பீடித் தொழில் இதற்குத் தெளிவான சான்று. 1966 பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் காப்பகத்தை வலியுறுத்தியது. ஆனால் அது தொழிற்கூடத்துக்கு மட்டுமே பொருந்தியது. திருநெல்வேலி வட்டாரத்திலும் வேலூர் வட்டாரத்திலும் முறத்தை மடியில் வைத்து வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணுக்கு அந்தக் காப்பக விதியால் பயன் கிடைக்கவில்லை. புகையிலைத் தூள் பறக்கும் அதே இடத்தில்தான் அவள் குழந்தை தவழ்கிறது. 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் 50 பெண்களுக்கு மேல் என்றே வரம்பு வைத்தது. சித்தாள்கள் சிறு சிறு குழுக்களாக இடம் மாறி வேலை செய்யும் தொழிலில், இந்த வரம்பை எட்டும் கட்டுமான இடங்கள் பெருநகரங்களின் பெரிய திட்டங்கள் மட்டுமே.

அங்கன்வாடி வழி

இரண்டாவது வழியின் தொடக்கத்தில் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு நிற்கிறது. பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளின் வளர்ச்சி குறித்து அக்குழு 1972-இல் அறிக்கை அளித்தது. 1974-இல் தேசியக் குழந்தைகள் கொள்கை வந்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதே ஆண்டில் வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கான காப்பகத் திட்டமும் தனியாகத் தொடங்கப்பட்டது. ஊட்டச்சத்தும் பகல்நேரப் பராமரிப்பும் இரு வேறு திட்டங்களாகப் பிரிந்த இந்த ஆண்டே இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பம் என்பது என் முடிவு. அங்கன்வாடி நாடெங்கும் வேர்விட்டது. காப்பகத் திட்டம் தொண்டு நிறுவனங்களின் கையில், சொற்ப நிதியில் நின்றுவிட்டது.

தமிழ்நாடு சற்று முன்னே சென்றது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு வயது முதலான குழந்தைகளை மதிய உணவுக்காக மையங்களுக்கு அழைத்து வந்தது. சமைத்துப் போட்டுத் தூங்கவைத்து அனுப்பும் வழக்கத்தால் இங்குள்ள மையங்கள் பல மாநிலங்களைவிட நீண்ட நேரம் திறந்திருந்தன. ஆனால் இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு இணை உணவு மாவு கிடைத்ததே தவிர, பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. களை எடுக்கவோ நடவுக்கோ போகும் தாய், வரப்போர மரத்தில் தூளி கட்டி, மூத்த மகளைக் காவல் வைத்தாள். பச்சிளம் குழந்தைக்குக் காப்பகம் இல்லாததன் விலையை எட்டு வயதுப் பெண் தன் பள்ளிப்படிப்பால் கொடுத்தாள்.

2002-இல் வந்த 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இந்தப் பிளவை உறுதிப்படுத்தியது. 6 முதல் 14 வயதுவரை கல்வி அடிப்படை உரிமையானது. ஆறு வயதுக்குட்பட்டோரின் பராமரிப்பும் கல்வியும், நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாத வழிகாட்டு நெறியாக 45-ஆம் பிரிவில் தங்கின.

மக்கள் அமைப்புகள் காட்டிய வழி

இரு வழிகளையும் இணைக்க முடியும் என்பதைச் செய்து காட்டியவர்கள் அரசுக்கு வெளியே இருந்தார்கள். 1969-இல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானப் பணி டெல்லி ராஜ்காட்டில் நடந்தபோது, தொழிலாளர்களின் குழந்தைகள் மண்ணிலும் கல்லிலும் கிடந்ததைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். மொபைல் கிரீச்சஸ் அமைப்பு அப்படிப் பிறந்தது. வேலையிடம் மாறினால் காப்பகமும் உடன் போகும் என்பதே அதன் அடிப்படை. அகமதாபாத்தில் சேவா அமைப்பு, உழைக்கும் பெண்களின் கூட்டுறவு மூலம், அவர்களின் வேலை நேரத்துக்கு ஏற்ற காப்பகங்களை நடத்தியது. இலா பட் தலைமையிலான ஆணையம் 1988-இல் வெளியிட்ட ‘ஷ்ரம்சக்தி’ அறிக்கை, குழந்தைப் பராமரிப்பை அமைப்புசாராப் பெண் தொழிலாளரின் அடிப்படைத் தேவையாக முன்வைத்தது.

புதிய நூற்றாண்டின் அரைகுறை முன்னேற்றம்

2005 ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு முக்கியமான அடி எடுத்து வைத்தது. ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் வேலையிடத்துக்கு வந்தால், ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, அவருக்கும் அதே கூலி தர வேண்டும் என்றது. குழந்தையைப் பார்ப்பதும் கூலிக்குரிய வேலை என்று சட்டம் ஏற்ற இடம் இது. இங்கே எண்ணப்பட்டவர்களும் குழந்தைகளே. நூறு நாள் வேலையில் பெண்களே பெரும்பான்மையாக இருந்த தமிழ்நாட்டில் இந்த விதி முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தால் அதன் பயன் மிகப் பெரிதாக இருந்திருக்கும்.

2017 மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம் காப்பக வசதி செய்ய வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை குழந்தையைப் பார்க்கலாம் என்றது. பெண்களை மட்டும் எண்ணும் பழைய முறை இங்கே கைவிடப்பட்டது. 2018 வழிகாட்டு நெறிகள் காப்பகம் வேலையிடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கலாம் என்றன. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 50 ஊழியர்கள் என்ற அளவையே கொண்டது. ஆனால் பதிவேட்டில் பெயரே இல்லாத பெண்ணுக்கு 26 வாரமும் இல்லை, காப்பகமும் இல்லை. தமிழ்நாட்டில் அவருக்குக் கிடைப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி. அந்த உதவி அவசியமானது. ஆனால் அது தீர்ந்த நாளுக்கும் குழந்தை அங்கன்வாடிக்குப் போகும் நாளுக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கிறது.

அரசின் நேரடிக் காப்பகங்களோ இதே காலத்தில் சுருங்கின. 2017-இல் பொறுப்பு மாநிலங்களுக்கு மாற்றப்பட்டு நிதிப் பங்கீடு மாறியபின், ஒரு காலத்தில் 20,000-க்கு மேல் இருந்த காப்பகங்கள் சில ஆண்டுகளில் 7,000-க்கும் கீழே போயின. 2022-இல் வந்த பால்னா திட்டம் 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகத்துடன் இணைக்க இலக்கு வைத்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரை, மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் என்பது அதன் அளவு. அரை நூற்றாண்டுக்கு முன் பிரிந்த இரண்டு திட்டங்களும் இப்போதுதான் ஒரே கூரையின் கீழ் வருகின்றன. 2023-இல் கர்நாடகம் தொடங்கிய ‘கூசின மனே’ திட்டம் 4,000 கிராம ஊராட்சிகளில், வேலை உறுதித் திட்டத் தாய்மாரின் குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்க முன்வந்தது.

முடிவுரை

இந்த வரலாற்றில் காப்பகத்தின் கதவு பெரும்பாலும் ஒரு பதிவேட்டைப் பார்த்தே திறந்திருக்கிறது. முதலில் பெண் தொழிலாளர் பதிவேடு, பிறகு ஊழியர் பதிவேடு. குழந்தையின் பெயரில் உரிமை எழுதப்படும்வரை, பெரும்பாலான உழைக்கும் குடும்பங்கள் வெளியிலேயே நிற்கும். அரசு உடனே செய்யக்கூடியவை மூன்று. 45-ஆம் பிரிவின் வாக்குறுதியைச் சட்ட உரிமையாக்க வேண்டும். அங்கன்வாடியின் நேரத்தை அந்தந்த ஊரின் வேலை நேரத்தைக் கொண்டு, நடவுக் காலத்துக்கும் மில் ஷிப்டுக்கும் ஏற்பத் தீர்மானிக்க வேண்டும். காப்பகப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் மதிப்பூதியத்துக்குப் பதிலாக முறையான ஊதியமும் பயிற்சியும் தர வேண்டும். ஊர்தோறும் அங்கன்வாடி கட்டி, ஒவ்வொரு குழந்தைக்கும் உணவளிக்க முடிந்த தமிழ்நாட்டுக்கு இது எட்டாத இலக்கு அல்ல. கட்டடம் இருக்கிறது, சமையல் நடக்கிறது, குழந்தையை அறிந்த பணியாளர் இருக்கிறார். இனி வேண்டியது, தாய் திரும்பும்வரை அந்தக் கதவைத் திறந்து வைப்பதற்கான நிதியும் அரசாணையும்தான்.