நாலு மாசக் கணக்கு பிறந்த கதை

கரு தங்காமல் போன வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குப் போகும் கேள்வி ஒன்றுதான்: "ஜனாஸா தொழணுமா ஹஜ்ரத்?" அவர் திருப்பிக் கேட்பதும் மாறாது: "எத்தனை மாசம்? அழுதுச்சா?" வேங்கிக்காலிலும் அதே கேள்விதான், ஆம்பூரிலும் காயல்பட்டினத்திலும் அதேதான். பதிலைக் கேட்டுவந்த ஆண்கள் "தொழுகை இல்லையாம்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். படுக்கையில் கிடப்பவள் காதில் அது "பிள்ளையே இல்லையாம்" என்று விழும். மார்க்கம் இரண்டாவதை எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. அதைக் காட்ட, "எத்தனை மாசம்?" என்பதற்குப் பின்னால் இருக்கும் நாலு மாசக் கணக்கு எங்கே பிறந்தது என்று பார்த்தாக வேண்டும்.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊதை, கலீஃபா உமர் இராக்கின் கூஃபா நகருக்கு ஆசிரியராக அனுப்பினார். அவர் அறிவித்த ஹதீஸ் ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. தாயின் வயிற்றில் 40 நாள் துளி, 40 நாள் கட்டி, 40 நாள் சதை, பிறகு வானவர் வந்து ரூஹ் ஊதுகிறார், ரிஸ்கும் ஆயுளும் எழுதப்படுகின்றன என்பது அதன் சாரம். மூன்று நாற்பதும் சேர்ந்து 120 நாள். புகாரியில் இது விதியைப் பற்றிய பாடத்தில் வருகிறது. தொழுகை, அடக்கம், கஃபன் என்ற பேச்சே அதில் இல்லை.

அதே கூஃபாவுக்குப் பின்னாளில் ஆளுநராக வந்தவர் முகீரா இப்னு ஷுஉபா. குறைமாதத்தில் விழுந்த பிள்ளைக்கும் தொழுகை உண்டு, பெற்றோருக்காக மன்னிப்பும் ரஹ்மத்தும் கேட்கப்படும் என்று அவர் அறிவித்ததை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார். அதில் மாதக் கணக்கு இல்லை. மூன்றாவது அறிவிப்பு நபித்தோழர் ஜாபிருடையது: அழுகுரல் எழுப்பாத குழந்தைக்குத் தொழுகையும் இல்லை, வாரிசுரிமையும் இல்லை. இது நபிமொழி என்பதைவிட ஜாபிரின் சொந்தக் கூற்றாக இருப்பதே உறுதி என்று திர்மிதி குறித்து வைத்தார். "அழுதுச்சா?" என்ற கேள்வியின் வேர் இங்கே இருக்கிறது.

மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு இமாம்கள் ஆளுக்கொரு வழி போனார்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் இமாம் அஹ்மத், முகீராவின் அறிவிப்பை இப்னு மஸ்ஊதின் கணக்கோடு சேர்த்தார்: நான்கு மாதம் நிறைந்திருந்தால் குளிப்பாட்டி, தொழுது, அடக்க வேண்டும். இறந்தே பிறந்த தம் மகள்வயிற்றுப் பேரனுக்கு இப்னு உமர் தொழுதிருக்கிறார் என்பது அவர் பக்கத்துக்கு வலுவான சான்று. ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு மாதம் நிறைந்தால் குளிப்பும் கஃபனும் அடக்கமும் உண்டு. உயிரின் அடையாளம் தெரியாவிட்டால் தொழுகை மட்டும் இல்லை. கூஃபாவிலேயே பிறந்த அபூஹனீஃபாவின் மத்ஹப், ஜாபிர் பக்கம் நின்றது.

நம் பக்கத்துக் கதை இங்கே சேர்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழி. பழைய வடஆற்காட்டில், அதாவது வேலூர், வாணியம்பாடி, திருவண்ணாமலைப் பக்கம், பெரும்பாலும் ஹனஃபி வழி. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் இரண்டு மத்ஹபும் பாடம். ஹனஃபி மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் ஹிதாயா நூலைத் திறந்தால், அழாத குழந்தைக்குத் தொழுகை இல்லை என்பதோடு அது நிற்பதில்லை. துணியில் சுற்ற வேண்டும் என்கிறது. காரணமாக, ஆதமின் மக்களுக்கு உரிய கண்ணியம் என்கிறது. உறுப்புகள் தெரிய உருவான பிள்ளையானால் குளிப்பாட்டிப் பெயர் வைப்பதே ஏற்புடையது என்பது அந்த மத்ஹபின் தீர்ப்பு. பெயர், தண்ணீர், ஒரு முழம் வெள்ளைத் துணி, மண். "தொழுகை இல்லையாம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் இந்த நான்கையும் விழுங்கிவிட்டார்கள். இதை நான் சாதாரண மறதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தொழுகை இல்லை என்பதால் பிள்ளை இல்லை என்றாகிவிடாது என்பதற்கு நபிகள் நாயகத்தின் வீட்டிலேயே சான்று இருக்கிறது. மாரியா வயிற்றில் பிறந்த மகன் இப்ராஹீம், ஒன்றரை வயது வாக்கில் ஹிஜ்ரி 10இல் இறந்தார். அந்தப் பிள்ளைக்கு ஜனாஸா தொழவில்லை என்று ஆயிஷா வழியாக ஓர் அறிவிப்பு. தொழுதார் என்று வேறு அறிவிப்புகள். ஆனால் தந்தையின் கண்கள் நிறைந்து வழிந்ததில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நீங்களுமா அழுகிறீர்கள் என்று கேட்ட தோழருக்கு, இது ரஹ்மத் என்று பதில் சொன்னார்.

தாயின் தொழுகை தனிக் கணக்கு. நபியின் காலத்தில் பேறுகாலத்துப் பெண்கள் 40 நாள் தொழாமல் இருந்ததை நபித்தோழி உம்மு ஸலமா அறிவித்தார். 40 என்பது ஹனஃபி வழியில் உச்ச வரம்பு, ஷாஃபிஈயில் 60. பத்தாம் நாளே உதிரம் நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டியதுதான். ஹனஃபி சட்டத்தில், விரலோ நகமோ தெரியாத நிலையில் கரு கலைந்தால் அந்த உதிரம் பேறுகாலக் கணக்கிலேயே வராது. மூன்று நாளுக்குக் குறையாமல் இருந்து, முன்பு பதினைந்து நாள் சுத்தமும் இருந்திருந்தால் மாதவிடாய், இல்லையென்றால் ஒளூ செய்து தொழ வேண்டிய நோய் உதிரம். ஷாஃபிஈயிலோ வெறும் கட்டியாக வெளியேறினாலும் பேறுகாலம்தான். இதெல்லாம் தெரியாமல் எத்தனையோ பெண்கள், "நாற்பது நாள் தொடாதே" என்ற ஒரே சொல்லை நம்பி முசல்லாவிலிருந்து விலகி இருக்கிறார்கள். தொழுகை, நோன்பு போன்றவற்றுக்குத்தான் விலக்கு. துஆவுக்கும் திக்ருக்கும் ஒரு நாள்கூட விலக்கு இல்லை. இழப்பு நேர்ந்தால் கேட்க வேண்டிய துஆவை, இதற்குக் கூலி கொடு, இதைவிடச் சிறந்ததைக் கொடு என்று கேட்பதை, நமக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அதே உம்மு ஸலமாதான். உஹத் போரில் பட்ட காயம் திரும்ப உடைந்து கணவர் அபூஸலமா இறந்தபோது அவரே அதை ஓதினார். அந்த துஆவில் எத்தனை மாசம் என்ற கேள்வி கிடையாது.

இன்றைய சிக்கல் மருத்துவமனையில் இருக்கிறது. ஸ்கேன் சீட்டில் எழுதும் வாரம், கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவது. கரு உண்டானதிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய இரண்டு வாரம் குறையும். ஆகவே 120 நாள் என்பது சீட்டில் சுமார் 19 வாரம். "17 வாரம்" என்ற சீட்டைக் காட்டி நாலு மாசம் முடிந்தது என்றால் கணக்கு பிசகும். அரசின் கணக்குகள் வேறு. இறந்து பிறந்தது என்று பதிவாக 28 வாரம் ஆக வேண்டும். பிழைக்கும் பருவத்துக்கு முந்தைய கருவை 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் மஞ்சள் பிரிவில் வைக்கின்றன. மஞ்சள் பையில் போனால் பெரும்பாலும் எரிப்புதான். ஷரீஅத் துணியில் சுற்றச் சொன்ன பிள்ளை, யாரும் கேட்காததால் அந்தப் பைக்குள் போய்விடுகிறது.

ஆகவே ஜமாஅத்துகளுக்கு மூன்று வேண்டுகோள். கபர்ஸ்தானில் குறைமாதப் பிள்ளைகளுக்கென்று ஓர் ஓரம் ஒதுக்குங்கள். பிள்ளையை எங்களிடம் கொடுங்கள் என்று பிரசவ அறை வாசலிலேயே எழுதிக் கேட்கும்படி குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஹஜ்ரத்மார்களே, "தொழுகை இல்லை" என்று சொல்ல நேர்ந்தால், அதே மூச்சில் "பெயர் என்ன வைக்கப் போகிறீர்கள்?" என்றும் கேளுங்கள்.