அப்பிச்சி தின்ன தொரை மீன்

போன வாரம் எபிசோடு வரல, மன்னிக்கணும். நான் மீன் பிடிக்கப் போயிருந்தேன். பிடிச்சேனான்னு கேக்காதீங்க, கடைசியில சொல்றேன்.

எங்க அப்பிச்சி, அதாவது அம்மாவோட அப்பா, பல்லடத்துல தறி போடறதுக்கு முன்னாடி குந்தா அணை வேலைக்குப் போனவர். அப்போ அவருக்குப் பதினெட்டு வயசு. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்போ ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்வாரு. மேல அவலாஞ்சிப் பக்கம் ஒரு ஓடை, ஐஸ் மாதிரி தண்ணி, உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு மீன். வேட்டியை விரிச்சு ஒண்ணைப் பிடிச்சுச் சுட்டுத் தின்னாராம். அடுத்த நாள் ஒரு காவலாளி கன்னத்துல ஒண்ணு விட்டானாம். "அது தொரை மீனு கண்ணு, நாமெல்லாம் தொடக்கூடாது"ன்னு முடிப்பாரு. சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆன பிறகு நடந்த கதை இது. அப்புறம் எங்கிருந்து வந்தான் தொரை? இந்தக் கேள்விதான் என்னை ஆன்லைன்ல ஒரு தூண்டில் ஆர்டர் பண்ண வெச்சுது.

அந்த மீன் ட்ரவுட். நம்ம ஊர் மீனே கிடையாது. ஊட்டியில தங்கின வெள்ளைக்காரங்களுக்குக் குளிர் இருந்துச்சு, ஏரி இருந்துச்சு, ஊர்ல இருந்து கொண்டுவந்த பூச்செடியும் உருளைக்கிழங்கும் இருந்துச்சு. ஓடையில ட்ரவுட் மட்டும் இல்ல. 1863-ல ஃபிரான்சிஸ் டேன்னு ஒருத்தர் அதைக் கொண்டுவர முயற்சி பண்றாரு. மெட்ராஸ் ராணுவத்துல டாக்டர், பின்னாளில் இந்திய மீன்களைப் பத்திப் பெரிய புத்தகமே போட்டவர்.

அது எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க. உயிரோட மீனைக் கொண்டுவர முடியாது, முட்டையாத்தான் வரணும். ட்ரவுட் முட்டை வளர வளர உள்ள ரெண்டு கறுப்புப் புள்ளி தெரியும், அது குஞ்சோட கண்ணு. அந்தப் பருவத்துக்கு வந்துட்டாத்தான் முட்டை ஓரளவு குலுக்கல் தாங்கும். ஈரப் பாசியில அடுக்கி, மேல ஐஸ் வெச்சு, பொரியறதுக்குள்ள ஓடைக்குக் கொண்டு சேர்க்கணும். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-ல. செங்கடல் வெயில்ல ஐஸ் உருகுது, மெட்ராஸ் வெயில்ல உருகுது, மிச்ச தூரத்துக்கு மாட்டு வண்டி. முயற்சி தோத்துப் போச்சு. நாங்க ஒரு ரிலீஸ் ரெண்டு தடவை ஃபெயில் ஆனாலே மீட்டிங் போட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம். இவங்க நாப்பது வருஷத்துக்கு மேல விடல.

இதுக்கு நடுவுல ஒரு வேடிக்கை. மீன் வர்றதுக்கு முன்னாடியே சட்டம் வந்துருச்சு. 1877-ல நீலகிரி வேட்டைச் சங்கம், 1879-ல வேட்டை விலங்கையும் மீனையும் பாதுகாக்கற சட்டம். பாதுகாப்புங்கற வார்த்தை நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருக்காக? லைசென்ஸ் வாங்கற தொரைக்கு அது விளையாட்டு, வாங்க முடியாதவனுக்கு அதே வேலை திருட்டு. அப்பிச்சி வாங்கின அறைக்கு வேர் இங்க இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

கடைசியில ஜெயிச்சவர் ஹெச். சி. வில்சன். 1907-ல அவலாஞ்சியில குஞ்சு பொரிப்பகம் வந்துச்சு. இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்துன்னு பல இடத்துல இருந்து முட்டை வரவழைச்சாங்க. இங்க நிலைச்சது வானவில் ட்ரவுட். அது இங்கிலாந்து மீனே இல்லைங்கறதுதான் கூத்து. வட அமெரிக்காவோட பசிபிக் கரைப் பக்கத்து மீன். ஊர் ஞாபகத்துக்காக அரை நூற்றாண்டு அலைஞ்சவங்களுக்கு வேற எவனோ ஊர் மீன் கிடைச்சுது.

அதே 1907-லதான் மெட்ராஸ் மீன்வளத் துறைக்கு அடித்தளம் போட்ட ஃபிஷரீஸ் பீரோவும் வந்துச்சு. அதோட தலைவர் ஃபிரடெரிக் நிக்கல்சன். இவர் நம்மாளுங்க! 1887-ல கோயமுத்தூர் மாவட்ட மேனுவலைத் தொகுத்தவர். அப்போ பல்லடம் ஒரு தாலுகா, நம்ம ஊர்க் கிணறு, வறட்சி எல்லாம் அவருக்கு அத்துப்படி. விவசாயி கந்துவட்டியில சாகறதைப் பாத்துட்டு, கூட்டுறவு வங்கி வேணும்னு அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினவரும் இவர்தான். கடற்கரை மீனவனுக்கு வருமானம் வரணும்னு ஜப்பான் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தாரு. அப்பேர்ப்பட்டவரோட பீரோவுலயே மலை மேல தொரைமாருக்கு மீன் வளர்க்கற வேலையும் நடந்துச்சு. எனக்கு அவர்மேல மரியாதை உண்டு, இருந்தும் இந்த இடம் நெருடுது.

சரி, பயணத்துக்கு வரேன். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியா மலை ஏறினோம். நானும் என் ஃபிரெண்டும். அவலாஞ்சியில செக்போஸ்ட்ல இருந்தவர் என் தூண்டிலைப் பாத்தார், என்னைப் பாத்தார், சிரிச்சுட்டார். காப்புக்காட்டுல அனுமதி இல்லாம மீன் பிடிச்சா குற்றம். முன்னாடியே விசாரிக்காதது என் தப்பு. தூண்டில் கார்லயே தூங்குச்சு.

பொரிப்பகத்துத் தொட்டியில விரல் நீளக் குஞ்சுங்க எல்லாம் தண்ணி வர்ற பக்கமே மூஞ்சியை வெச்சு நின்னுட்டு இருந்துச்சு. அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா உலகத்துல ரொம்ப மோசமான 100 அந்நிய உயிரினங்கள்னு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியல்ல இந்த மீனும் இருக்கு. புழு, பூச்சி, சின்ன மீன், தவளைக் குஞ்சு, எது கிடைச்சாலும் தின்னும். நீலகிரியில வேற எங்கயுமே இல்லாத தவளைங்க இருக்கு. அதுங்களுக்குச் சட்டம் போட யாரும் 1879-ல யோசிக்கல.

இன்னொரு பக்கம், ட்ரவுட்டுக்கும் இது சொகுசு வாழ்க்கை இல்ல. தண்ணி 20 டிகிரியைத் தாண்டினாலே அதுக்குத் திணறல். 2019 ஆகஸ்ட்ல இதே அவலாஞ்சியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர் மழை கொட்டுச்சு, பல்லடத்துல வருஷம் முழுக்கப் பெய்யறதை விட அதிகம். பழைய கணக்கு எதுவும் இப்போ செல்லாது.

அணைக்கரையில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். 1950-60கள்ல கனடா உதவியோட கட்டின திட்டம் குந்தா. அங்க எடுத்த கரண்ட்டாலதான் கொங்குநாட்டுல எத்தனையோ தறி ஓடுச்சு, பின்னாடி அப்பிச்சி தறியும் சேர்த்து. அந்தத் தண்ணியே பவர்ஹவுஸ் பவர்ஹவுஸா இறங்கி, பவானியில கலந்து, பில்லூருக்கு வருது. எங்க வீட்டுக் குழாய்ல வர்ற அத்திக்கடவுத் தண்ணி அதோட மிச்சம். நான் முன்ன பின்ன பாத்திராத ஓடைன்னு நினைச்சுப் போனேன், வருஷக் கணக்கா அதைக் குடிச்சுட்டுத்தான் இருந்திருக்கேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்து அப்பிச்சிகிட்ட ஃபோன்ல போட்டோ காமிச்சேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

"இதேதான். ஆனா நாந் தின்னது இதவிடப் பெருசு."

"பழைய மீனுங்கள்ல அப்பிச்சி, பெருசாத்தான் இருந்திருக்கும்"னேன்.

"நீ எத்தன புடிச்ச?"

"ஒண்ணுமில்லைங்க. புடிச்சா கேஸாம்."

கன்னத்தைத் தடவிக்கிட்டே சிரிச்சாரு. "பாத்தியா, இன்னும் வுடல அவனுக."