தங்கக் கொண்டைக்காரியும் இரண்டு ரவுடிகளும்

அபாச்சித் தலைவர் ஜெரோனிமோவின் ஸ்கெலிட்டன் கேன்யன் சரணாகதியை இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அமெரிக்க ராணுவத்தின் லெப்டினன்ட் கேட்வுட் மலையேறி வந்து பேசிவிட்டார், ஜெனரல் மைல்ஸ் காத்திருக்கிறார், 1886 செப்டம்பர் 4 நெருங்கிவிட்டது. ஆனால் அபாச்சி என்ற பெயர் அரிசோனாவை விட்டுக் கடல் தாண்டிப் போய் ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. அதற்காகப் பாரிஸுக்கு ஒரு எட்டு போய் வந்துவிடலாம்.

அங்கே கதாநாயகி அமேலி எலி. பிறந்தது 1878-ல், ஓர்லியான் நகரில். பாரிஸின் கிழக்கே பெல்வில், ஷாரோன் பக்கத்துத் தெருக்களில் உடலை விற்றுப் பிழைத்தவள். பொன்னிற முடியைத் தலைக்கு மேல் கோபுரமாகத் தூக்கிக் கட்டுவாள். அதனால் ‘காஸ்க் தோர்’, தங்கத் தலைக்கவசம் என்று பெயர் வந்தது. அவளை வைத்திருந்தவன் மாந்தா, ஒரு ரவுடிக் கூட்டத்தின் தலைவன். அவனை விட்டுவிட்டு அமேலி போய்ச் சேர்ந்தது லெக்கா என்ற கார்சிகாக்காரனிடம். அவனும் இன்னொரு கூட்டத்துக்குத் தலைவன்!

கேட்கவா வேண்டும்? 1902 ஜனவரியில் இரண்டு கூட்டமும் கத்தியும் ரிவால்வருமாக நடுத்தெருவில் மோதிக்கொண்டன. குண்டடி பட்ட லெக்காவை தெனோன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிகிச்சை முடிந்து வண்டியில் ஏறிப் போகும்போது மாந்தாவின் ஆட்கள் வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். நீதிமன்றத்தில் மாந்தா மழுப்பவில்லை. நாங்கள் இருவரும் ஒரே பெண்ணைக் காதலித்தோம், அதனால் அடித்துக்கொண்டோம் என்று சொன்னான். காதலுக்காகச் சண்டை போட்டால் நாவல்களில் மாலை விழும்; ஷாரோன் தெருவில் போட்டால் கயானா தீவாந்தரம். இரண்டு பேரும் அங்கேதான் போனார்கள்.

இந்த வழக்கில்தான் பாரிஸ் பத்திரிகைகளுக்கு ‘அபாச்சி’ என்ற சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு வாசகர்கள் குஸ்தாவ் எமாரின் செவ்விந்திய நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள். 1889-ல் பஃபலோ பில்லின் குதிரை வித்தைகளையும் பாரிஸிலேயே பார்த்துவிட்டார்கள். முண்டாசுக்குப் பதில் தட்டைத் தொப்பி, இடுப்பில் சிவப்புத் துணி, காலில் பளபளக்கும் பூட்ஸ் என்று திரிந்த ரவுடிகளுக்கு ‘அபாச்சிகள்’ என்று பெயர் வைத்ததும் பத்திரிகை விற்பனை எகிறியது. கழுத்தில் துண்டைப் போட்டு முதுகோடு தூக்கி, மூச்சடைக்க வைத்து, இன்னொருவன் சட்டைப் பையைக் காலி செய்வது அவர்களுடைய கைவரிசை. 1907 அக்டோபரில் ‘பெத்தி ஜூர்னால்’ தன் அட்டையில் ராட்சச அபாச்சி ஒருவனை வரைந்து, அவன் எதிரே போலீஸ்காரர்களைப் பொடியர்களாக நிறுத்தியது. நகரத்தில் ரவுடிகள் 30,000, போலீஸ்காரர்கள் 8,000 என்று பயமுறுத்தியது. அந்த 30,000 தலைகளை யார் எண்ணினார்கள்? பயத்தை விற்கிறவனுக்குக் கணக்கு எதற்கு!

பயந்த ஊரே அதை ரசிக்கவும் செய்தது. 1908-ல் மூலான் ரூஷ் மேடையில் மிஸ்டாங்கெத்தும் மாக்ஸ் டியர்லியும் ஆடிய ஆட்டத்தில், அவன் அவளை முடியைப் பிடித்து இழுப்பான், தள்ளுவான், மறுபடி அணைப்பான். ‘அபாச்சி நடனம்’ என்று அது உலகம் சுற்றியது. பணக்காரர்கள் மதுவை வைத்துக்கொண்டு ஏழைத் தெருவின் அடிதடியை வேடிக்கை பார்த்த அசிங்கம் அது. நிஜ அமேலி மேடை ஏற முயன்றபோது மட்டும் போலீஸ் தடுத்துவிட்டது. அவள் பிறகு ஒரு தொழிலாளியைக் கல்யாணம் செய்துகொண்டு, 1933-ல் சத்தமில்லாமல் இறந்தாள். 1952-ல் ஜாக் பெக்கர் அவள் கதையைப் படமாக்கினார். சிமோன் சிக்னோரே நடித்தார்.

அப்புறம் அந்தப் பெயர் எங்கெங்கோ ஒட்டிக்கொண்டது. 1995-ல் வந்த இணைய சர்வர் மென்பொருள், ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் பைக், அமெரிக்க ராணுவத்தின் தாக்குதல் ஹெலிகாப்டர். அந்தக் கடைசிப் பெயர்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ஜெரோனிமோவின் நாற்பதுக்கும் குறைவானவர்களைப் பிடிக்க 5,000 சிப்பாய்களை ஓடவிட்ட அதே ராணுவம், ஆயுதத்துக்கு அவர்கள் பெயரையே வைத்துக்கொண்டு அதை மரியாதை என்கிறது.

இனி சரணாகதி அடுத்த வாரம்தான், மன்னியுங்கள். ஒரு செய்தியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பாரிஸ் பத்திரிகைகள் ‘அபாச்சி, அபாச்சி’ என்று அலறிய 1902-ல், நிஜ அபாச்சிகளான ஜெரோனிமோவின் மக்கள் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில்லில் போர்க் கைதிகளாக இருந்தார்கள். ஜெரோனிமோ அங்கே தர்பூசணி பயிரிட்டார். மனைவி, பிள்ளைகளோடு பழங்களை ஏந்தி அவர் தோட்டத்தில் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. சிறைப்பட்ட பிறகு பிறந்த குழந்தைகளும் அரசாங்கக் கணக்கில் போர்க் கைதிகள்தான். 1909 பிப்ரவரியில் ஜெரோனிமோ கைதியாகவே செத்தார். மற்றவர்களுக்கு விடுதலை கிடைத்தது 1913-ல், சரணடைந்து 27 வருஷம் கழித்து. மாந்தாவாவது ஒருவனைக் கத்தியால் குத்தியவன். அந்தக் குழந்தைகள் செய்த குற்றம் என்ன என்று வாஷிங்டன் இதுவரை சொல்லவில்லை.

(தொடரும்)